கொக்கியில் மாட்டிய சட்டை

நவம்பர் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை காலை, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் உள்ள சலவைக்கடையின் கவுண்டர்மேல் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை வைக்கப்பட்டது. போன வாரம் மருத்துவமனையில் இறந்துபோன அந்தக் கடையின் இஸ்திரிக்காரருடைய துணிகள் அதற்குள் இருந்தன.

பையை வைத்தவள் இறந்தவரின் அண்ணி. இரண்டு விரல்களால் பிடித்து வைத்தாள். வைத்த கையை உடனே பின்னால் இழுத்துக்கொண்டாள். இன்னொரு கை கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டிருந்தது. கைக்குட்டையில் செண்டு வாசனை தூக்கலாக அடித்தது.

"வாங்கக்கா," என்றாள் கவுண்டருக்குள் நின்றவள். அவள் இறந்தவரின் முன்னாள் மனைவி. உறவு முறிந்து பல வருடம் ஆகியும் ஓரகத்தியை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவள் யோசித்ததில்லை. கடைக்கு வருகிறவர்கள் அவளைக் கறையக்கா என்பார்கள். எந்தத் துணியில் என்ன கறை, அதை எதைப் போட்டு எடுப்பது என்பதுதான் அவள் தொழில்.

"எல்லாத்தையும் நல்லா வெளுத்து, இஸ்திரி போட்டு, கவர்ல போட்டுக் குடுத்துடும்மா. ஞாயித்துக்கிழமை முதியோர் இல்லத்துல குடுக்கறோம். இவருதான் ஏற்பாடு பண்ணிருக்காரு. போட்டோ எடுக்கவும் ஆள் வருது."

"போட்டோ எதுக்கு?"

"ஒரு ஞாபகத்துக்குத்தான். நாலு பேருக்குத் தெரிஞ்சா அவங்களும் செய்வாங்கல்ல?" அண்ணி கைக்குட்டையை லேசாக விலக்கி மூச்சு விட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். "புதன்கிழமை ஹால்ல இரங்கல் கூட்டம். நீயும் வந்துடு. கடை ஆளுங்களோட உக்காந்துக்கலாம்."

கடை ஆளுங்களோட. கறையக்காவுக்கு வாய்க்குள் துரு ருசி வந்தது. அண்ணி போனபிறகு கவுண்டரில் பை இருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தாள். பிறகு அண்ணி கையூன்றி நின்ற இடத்தையும் துடைத்தாள். இரண்டாவது துடைப்புக்குத்தான் அழுத்தம் அதிகம் கொடுத்தாள்.

அருவருப்பு அவளுக்குப் புதிதில்லை. பேருந்தில் கம்பியைக் காகிதம் சுற்றிப் பிடிக்கிற ஜாதி. ஹோட்டலில் தண்ணீர் டம்ளரின் விளிம்பை வெளிச்சத்தில் பார்க்காமல் வாயில் வைக்கமாட்டாள். "உனக்கு இருக்கறது மூக்கு இல்லடி, போலீஸ் ஸ்டேஷன்," என்பார் இறந்தவர். அவரைத் தெருவே மாஸ்டர் என்று கூப்பிட்டது. பாதையில் போகிறவன் காலர் மடங்கியிருந்தால்கூட நிறுத்திச் சரிசெய்து அனுப்புகிற மனிதர்.

மாஸ்டருக்கு அருவருப்பு என்பதே கிடையாது. பேண்ட்டில் இருக்கும் கறை சர்க்கரைப் பாகா பசையா என்று சந்தேகம் வந்தால் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். "பாகுதான். ஏலக்காய் போட்டிருக்கான்," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். அன்று ராத்திரி அதே வாயோடு அவள் பக்கத்தில் வந்து படுப்பார். கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுவார். குளித்த ஈரத்துண்டைத் தலையணைமேல் போடுவார். ஒன்பது வருடம் அவள் சொல்லிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் ஒருநாள் கறை மேசைக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில் நின்று, "நமக்குள்ள வீடு ஒத்துவரல," என்றாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "கடை?" என்று கேட்டார். "கடைக்கு என்ன, நல்லாத்தானே ஓடுது." அப்படித்தான் பிரிந்தார்கள். நீதிமன்றத்துக்கு இருவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். திரும்பும்போது அவர் முன்சீட்டில் டிரைவரோடு உட்கார்ந்துகொண்டார். அது மட்டும்தான் வித்தியாசம்.

கல்யாணமாகி இருந்த காலமெல்லாம் அவரை 'ஏங்க' என்று கூப்பிட்டவள், விவாகரத்துக்குப் பிறகுதான் 'மாஸ்டர்' என்றும், கோபம் வந்தால் 'நீ' என்றும் கூப்பிட ஆரம்பித்தாள். அவருக்கு அது பிடித்திருந்தது. "இப்பத்தான்டி நீ எனக்கு சிநேகிதம்," என்றார். அவருக்குப் பல் வலி வந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போனது அவள். அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தபோது வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது அவர். உள்ளே வரவில்லை. "துண்டை எங்கயாவது போட்டுடுவேன்," என்றார்.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் கறையக்கா பையைக் கறை மேசைக்கு எடுத்துப்போய் முடிச்சை அவிழ்த்தாள்.

நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. வாந்தி, மருந்து, ஆறிப்போன வியர்வை, மூடிக் கிடந்த ஈரம். வாயில் எச்சில் ஊறியது. ஊரார் துணியில் எதையெல்லாமோ பார்த்தவள், நேராகப் பின்கட்டுக்குப் போய் வாந்தியெடுத்தாள். வாயைக் கொப்பளித்துக்கொண்டு திரும்பி வந்து, தன்மேலேயே கடுப்பாகி, துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

அடியில் அந்த நீலச் சட்டை இருந்தது. அண்ணன் மருத்துவமனைக்கு ஒரே ஒருமுறை வந்தபோது டப்பாவில் வைத்து, ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவனுக்குப் புதுச் சட்டை. அந்த நீலம் கண்ணை உறுத்துகிற நீலம். மாஸ்டர் அதைப் போட்டுக்கொண்டதற்கு ஒரே காரணம், முன்பக்கம் முழுக்கப் பொத்தான் இருந்ததால் டிரிப்ஸ் கையோடு மாட்டிக் கழற்ற வசதி.

கடைசி நாளும் அதுதான் உடம்பில் இருந்தது. அன்று சாயங்காலம் அவர் வாந்தியெடுத்தது பாதி சட்டையிலும் பாதி அவள் கையிலுமாக விழுந்தது. அவள் உடம்பு சிலிர்த்ததை அவர் பார்த்துவிட்டார். அந்த நிலைமையிலும் கண்ணில் குறும்பு தெரிந்தது.

"இதுக்கு என்ன போடுவே?"

"வெந்நி ஆகாது. பச்சத் தண்ணிதான்," என்றாள் அவள், கையை அப்படியே வைத்துக்கொண்டு.

"கரெக்ட்," என்றார். அதற்குப்பிறகு அவர் பேசியது எதுவும் புரிகிற மாதிரி இல்லை.

இப்போது அவள் சட்டையின் முன்பக்கத்தை மடித்து ஒதுக்கிவிட்டுக் காலரை மட்டும் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். பட்டும் படாமல் மூச்சை இழுத்தாள். மருந்துக்கும் நோய்க்கும் அடியில் அவர் இருந்தார். சூடேறிய பருத்தி, இரும்பு, தலைக்குத் தேய்க்கும் மலிவான எண்ணெய், கழுத்துமடிப்பில் எப்போதும் இருக்கும் லேசான புளிப்பு. கட்டிலில் அவளைத் தள்ளிப் படுக்கவைத்த அதே புளிப்பு. குமட்டியது. மறுபடி முகர்ந்தாள்.

வேறெங்கும் அது மிச்சமில்லை. அவர் குடியிருந்த ஒற்றை அறையை அண்ணன் வீட்டு ஆட்கள் மறுநாளே காலிபண்ணி ஃபினாயில் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். கடையில் இருந்த ஏப்ரனை, வாரக் கடைசி வழக்கப்படி, கடையின் சலவை மெஷின்காரர் துவைத்துவிட்டிருந்தார். போட்டோவைப் பார்த்தால் கறையக்காவுக்கு ஆள் ஞாபகம் வராது. அவள் ஞாபகம் மூக்கு வழியாகத்தான் வேலை செய்யும். அவளுக்கு இந்தச் சட்டை வேண்டும். துவைக்காமல் வேண்டும். சாகும்வரை தினமும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. பார்த்தால் குமட்டும் என்று அவளுக்கே தெரியும். ஆனால் இருக்கவேண்டும்.

சட்டையை ஒரு பாலித்தீன் உறையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, கறை மேசைக்கு அடியில் மருந்துப் புட்டிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். மற்றதையெல்லாம் வேலைக்கு அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணி மறுபடி வந்தாள். இந்தமுறை செண்டு வேறு, பூ வாசனை. கூடவே அண்ணனின் கோட்டு ஒன்று, ஹேங்கரோடு.

"நாளைக்கு மேடையில போடறதுக்கு. காலையில குடுத்துடுவியா? வேற எங்கயும் குடுக்க மனசு வரல, நம்ம கடைன்னுதான்..."

போன புதன்கிழமைவரை அண்ணி வாயில் அது 'அவன் கடை'யாக இருந்தது. கறையக்கா கோட்டை வாங்கி விரித்தாள். கைமடிப்பில் எண்ணெய்க்கறை, உள்பையில் பல்குத்தும் குச்சி ஒன்று. குச்சியை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"அப்புறம், துணியெல்லாம் ஆயிடுச்சா? அந்த நீலச் சட்டை முக்கியம். இவரு ஆசையா வாங்கிக் குடுத்தது. அதத்தான் முதல்ல குடுத்து போட்டோ எடுக்கணும்னு சொல்லிட்டாரு. அது எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

"கறை போகலக்கா. வேலை நடக்குது."

"போகாட்டி பரவால்ல, பாத்துட்டுப் போறேன். கேட்டா சொல்லணும்ல?"

மெஷின்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு நுரை என்று பெயர். பவுடரை அளந்து போடத் தெரியாது. இருபது வருடமாக மெஷின் வாயில் நுரை பொங்கிக்கொண்டே இருக்கும். கறையக்கா கறை மேசைக்குப் போய்க் குனிந்தாள். உறையை அவிழ்த்துச் சட்டையை எடுத்து, டிராயரிலிருந்து ஒரு நம்பர் சீட்டை உருவி, காலரின் உள்பட்டையில் டக்கென்று பின் அடித்து, மேசைக்குமேல் இருந்த கொக்கியில் மாட்டினாள். எல்லாம் ஒரே வீச்சில் நடந்தது. கண் பார்க்கத் தேவையில்லாத கைவேலை. சீட்டுக் குத்தி அந்தக் கொக்கியில் மாட்டினால் அது வெளுக்கவேண்டிய வேலைத் துணி. யார் வந்து பார்த்தாலும் அப்படித்தான் தெரியும்.

அண்ணிக்கும் அப்படித்தான் தெரிந்தது. தூரத்திலேயே நின்று, "அய்யய்யே," என்று முகத்தைச் சுளித்தாள். "பாவம், எவ்வளவு அவஸ்தைப்பட்டிருக்கான் பாரு. நாங்க வெளியில எல்லார்கிட்டயும் தூக்கத்துலயே போயிட்டான்னுதான் சொல்லியிருக்கோம். நீயும் அப்படியே சொல்லிடும்மா. கேக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"எது ஒரு மாதிரி இருக்கும்?"

"அதான், இந்த வாந்தி, அது இது..."

"கல்லீரல் போனவன் வாந்தி எடுக்காம என்னக்கா செய்வான், பாட்டா பாடுவான்?"

நுரை இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல். அண்ணி ஒருமுறை அவரையும் ஒருமுறை இவளையும் பார்த்துவிட்டு, "உன் வாய் மட்டும் அப்படியே இருக்கு," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கறையக்காவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதோடு எதையும் தொடப் பிடிக்காமல், கோட்டை மட்டும் முடித்துவைத்துவிட்டு, கொக்கியைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை காலை ஹால் வாசலிலேயே ரூம் ஸ்பிரே வாசனை மூக்கை அறுத்தது. மேடையில் மாஸ்டரின் படம், ஆளுயரத்துக்கு. படத்தில் தாடையில் இருந்த இஸ்திரிச் சூட்டுத் தழும்பு இல்லை. காதில் முடி இல்லை. பல் வரிசையாக இருந்தது. யாரோ ஒரு வங்கி அதிகாரி. அந்த ஆளைத் தெருவில் பார்த்தால் அவள் ஒதுங்கி வழிவிட்டிருப்பாள்.

அவள் கடை ஆட்களோடு உட்காரவில்லை. கடை ஆட்கள் என்று வேறு யாரும் வரவில்லை. நுரை கடையைப் பார்த்துக்கொண்டார். பின்வரிசையில் சுவரோரமாக ஒரு நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அண்ணன் பேசினார். கோட்டு அவருக்கு நன்றாகத்தான் பொருந்தியது. அவள் கைப்பட்ட மடிப்பு. "என் தம்பி சலவைத் துறையில ஒரு தொழிலதிபர்," என்று ஆரம்பித்தார். "சாகற நேரத்துல நான் அவன் கையைப் பிடிச்சிட்டிருந்தேன். 'அண்ணா, நான் நிம்மதியா போறேன்'னு சொன்னான்." குரல் அந்த இடத்தில் உடைந்தது. ஒத்திகை பார்த்த உடைசல். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஒருவன் எழுந்து அண்ணன் அழுவதைச் செல்போனில் எடுத்தான்; எடுத்ததைப் பார்த்து, வெளிச்சம் போதாமல் இன்னொன்று எடுத்தான்.

அடுத்துப் பேசியவர் மாஸ்டரைச் சந்தித்ததே இல்லை என்பது அவர் வாயைத் திறந்ததுமே தெரிந்தது. அதற்கடுத்தவர் மாஸ்டருக்கு வெள்ளை உள்ளம் என்றும், அதனால்தான் வெளுக்கும் தொழிலுக்கு வந்தார் என்றும் சொன்னார். கைதட்டினார்கள். இந்த ஆட்களில் ஒருவனாவது அவர் இஸ்திரி போடும்போது பாடும் கண்றாவிப் பாட்டைக் கேட்டிருப்பானா? வாடிக்கையாளர் வீட்டுச் சண்டைகளையெல்லாம் துணியைப் பார்த்தே கண்டுபிடித்து அவளுக்குக் கதை சொல்லுவாரே, அதில் ஒன்றைக் கேட்டிருப்பானா? அவர் வியர்வை இவர்கள் யார்மேலாவது பட்டிருக்குமா?

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். பழைய வாடிக்கையாளர். சற்றுநேரம் மேடையைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் சாய்ந்தார்.

"நேரம் காலம் தெரியாம கேக்கறேன்னு நெனக்காதீங்கம்மா. என் கர்ட்டன் ரெடியா?"

"நாளைக்கு வாங்க."

"மாஸ்டரா இருந்தா இன்னிக்கே குடுத்திருப்பாரு. ஆனா ஒண்ணு, ஏதாவது ஒரு கொக்கியத் தொலைச்சிருப்பாரு." பெரியவர் மூக்கை உறிஞ்சினார். "எல்லாத் தடவையும் ஒண்ணத் தொலைப்பாரு, சண்டை போடுவேன், அப்புறம் டீ வாங்கிக் குடுப்பாரு."

அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டதிலேயே அழுக்கில்லாத பேச்சு அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. காபி கொடுக்கத் தொடங்கியதும் எழுந்துவிட்டாள். வாசலில் நின்ற அண்ணன் யாரிடமோ அவளைக் காட்டி, "கடையில ரொம்ப நாளா கூட வேலை பாத்தவங்க," என்றார். அவள் கும்பிடவில்லை. கை நீட்டினார், அந்தக் கையையும் தொடவில்லை.

"சட்டை எப்ப கிடைக்கும்?" என்றார் அண்ணன்.

"கிடைக்காது. அது என்கிட்ட இருக்கட்டும்."

"என்னம்மா இது, நான் வாங்கிக் குடுத்தது..."

"நீங்க குடுத்தது டப்பாவுல இருந்த சட்டை. அது வேற."

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்கவும் அவளுக்கு விருப்பமில்லை. பேருந்துக்குக்கூட நிற்காமல் கடைவரை நடந்தே வந்தாள். சொல்லிவிட்டோம் என்பதில், பல நாள் கழித்து, வயிறு கொஞ்சம் லேசாகியிருந்தது.

கடைக்குள் நுழைந்ததும் கொக்கியைப் பார்த்தாள். கொக்கி காலி.

இஸ்திரி மேசையில் நுரை நின்றிருந்தார். மெஷின்காரர் அந்த மேசைக்கு வருவதே வழக்கமில்லை. முன்னால், பிளாஸ்டிக் கவருக்குள், நீலச் சட்டை. காலர் நிமிர்ந்து, கை பின்னால் மடிந்து, கத்திபோல. கவருக்கு மேலே அவள் குத்திய நம்பர் சீட்டு.

"முடிச்சுட்டேங்க்கா," என்றார். கண் சிவந்திருந்தது. "நேத்து நீங்க அதைச் சீட்டுக் குத்தி மாட்டிட்டுப் போனதைப் பாத்தேன். உங்களால முடியலன்னு தோணிச்சு. எப்படி முடியும்? காலையிலயே எடுத்துட்டேன். கறை லேசுல போகலக்கா. மெஷின்ல போடல, கையாலயே பண்ணேன். பவுடர்கூட அளந்துதான் போட்டேன். மாஸ்டரு சட்டையாச்சே."

அவள் கவரைக் கிழித்தாள். காலரை முகத்தில் வைத்து அழுத்தினாள். சூடான பருத்தி வாசனை. சோப்பு. பிளாஸ்டிக். கழுத்துமடிப்பு, கக்கம், கைமடிப்பு என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். நுரை எதையும் விட்டுவைக்கவில்லை. இருபது வருடத்தில் அவர் செய்த மிகச் சுத்தமான வேலை அது.

"ஏங்க்கா, நாத்தம் இருக்கா இன்னும்?"

யாரையாவது கையால் அறையவேண்டும் போலிருந்தது. அண்ணியை, அண்ணனை, படத்தில் இருந்த வங்கி அதிகாரியை. எதிரில் நின்றது இவர் மட்டும்தான். அவர் விரல்நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. சீட்டுக் குத்தியது யார் கை என்பது அவளுக்குத் தெரியும். தன் கையைப் பார்த்தாள். அழுக்கான ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இல்ல தம்பி," என்றாள். "ஒண்ணுமே இல்ல. நல்லா எடுத்திருக்கே."

"அவரு இருந்தா மடிப்புல ஏதாவது குத்தம் சொல்லியிருப்பாரு."

"சொல்லியிருப்பான். இடது கை மடிப்பு கோணல்."

நுரை குனிந்து பார்த்தார். கோணல்தான். அவர் சட்டையை வாங்கி மறுபடி மேசையில் விரித்தார். அவள் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து, கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். வெளியே வர நேரமாயிற்று.

சனிக்கிழமை அண்ணி வந்து எல்லாத் துணிகளையும் வாங்கிக்கொண்டு போனாள். நீலச் சட்டையும் அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்தில் அதுதான் முதலில் வழங்கப்பட்டது. ஒரு முன்னாள் லாரி டிரைவர் வாங்கிக்கொண்டார். படம் எடுத்தார்கள். சட்டை அவருக்குத் தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது.